தம்பியின் ரயிலில் அக்காவுக்கு ஓர் இடம்

என் மகளுக்கு இப்போது 14 வயது; மகனுக்கு 10. மகனுக்கு 3 வயது நிறைந்த சில வாரங்களில், 2018-ஆம் ஆண்டில், அவனுக்கு ஆட்டிசம் இருப்பதாக மருத்துவர் உறுதிசெய்தார். அதன் பிறகு எங்கள் வீட்டில் எத்தனையோ நடந்திருக்கின்றன; அவற்றில் அக்காவும் தம்பியும் சேர்ந்து விளையாடப் பழகிய கதையை மட்டும் இங்கே எழுதுகிறேன். ஒரு பிள்ளைக்காக ஓடி ஓடி, இன்னொரு பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டோமே என்று இரவில் விழித்துக் கிடக்கும் பெற்றோருக்கு இதில் ஏதாவது பயன்படலாம். பெயர்களை எழுத வேண்டாம் என்று மகள் கேட்டுக்கொண்டாள். எழுதியதை அவளிடம் வாசித்துக் காட்டினேன். அவள் நீக்கச் சொன்ன இரண்டு பத்திகளை நீக்கிவிட்டேன்.

நாங்கள் திருச்சியில் பொன்மலைப் பக்கம் குடியிருக்கிறோம். என் மாமனார் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவருக்கு ஷிப்ட் வேலை. நான் பள்ளியில் தமிழாசிரியை. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து, மாலை ஐந்து மணி ஆனால் தாத்தாவின் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டு ரயில் பார்க்கப் போவது என் மகனுடைய வழக்கம். அவன் வாயிலிருந்து முதன்முதலில் கோவையாக வந்த சொற்கள், 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்பவைதாம். 'அம்மா' என்ற சொல் அதற்குப் பிறகுதான் வந்தது.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காக அவனை மதிப்பீடு செய்தபோது, இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல் என்னும் படிவத்தை வைத்துக் கேட்டார்கள். அதில் 40 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70-ஐத் தொட்டால் ஆட்டிசம் என்பது கணக்கு. கண்ணோடு கண் பார்க்கிறானா, தனியாகவே இருந்து செய்ததையே திரும்பத் திரும்பச் செய்து விளையாடுகிறானா, பிறரோடு முறை வைத்துப் பழக முடிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். என் மகள் அப்போது 7 வயதுக் குழந்தை. அதே அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றி ஒரு கேள்வியும் எழவில்லை. படிவம் அவனுக்கானது, அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்த பிறகு நானும் அவளிடம் எதையும் கேட்கவில்லை என்பதுதான் இன்றும் என்னை வருத்துகிறது.

நாங்கள் அப்போது போய்க்கொண்டிருந்த பயிற்சி மையத்தில், மூத்த குழந்தை வீட்டில் இருப்பது நல்லது, அவளைப் பார்த்து இவன் கற்றுக்கொள்வான் என்றார்கள். அதைக் கால அட்டவணையாக மாற்றியவள் நான். பள்ளியிலிருந்து வந்து பால் குடித்ததும் அவள் தம்பியை எதிரில் உட்காரவைத்து 20 படஅட்டைகளைக் காட்ட வேண்டும், 'இது என்ன? சொல்லு' என்று கேட்க வேண்டும். சொன்னால் ஓர் உலர்திராட்சை கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் அவன் விரலைப் பிடித்துப் படத்தைத் தொடவைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் சரியா தவறா என்று குறித்துவைக்க வேண்டும். அவள் ஒருநாளும் மறுக்கவில்லை. என் பெண் பொறுமைசாலி, பாதிப் பயிற்சியை அவளே கொடுத்துவிடுகிறாள் என்று உறவினர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 7 வயதுக் குழந்தையின் கையால் போட்ட பெருக்கல் குறிகள் பக்கம் பக்கமாக வரிசையில் நிற்கின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தலையில் எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தபோது, இடது முழங்கைக்குக் கீழே, கையின் உட்புறத்தில், இரண்டு வளைந்த வரிசைகளாகப் பல் பதிந்த தடத்தைப் பார்த்தேன். நடுவில் நீலம் பாரித்து, ஓரங்கள் மஞ்சளாக மாறத் தொடங்கியிருந்ததால் கடித்து மூன்று நான்கு நாட்களாவது ஆகியிருக்க வேண்டும் என்று தெரிந்தது. அந்த வெயில் காலத்தில் அவள் முழுக்கைச் சட்டையாகத் தேடித் தேடிப் போட்டுக்கொண்டதற்கான காரணம் அப்போதுதான் விளங்கியது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். எண்ணெய் கண்ணில் பட்டுவிடுமோ என்பதுபோலக் கண்களை இறுக மூடிக்கொண்டு, "நான் சரியாச் சொல்லித் தரலைன்னு நீ நினைச்சுக்குவியோன்னுதான் சொல்லலம்மா" என்றாள்.

அன்றோடு படஅட்டைகளை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டேன். மகனுக்கு ஸ்பீச் தெரபி கொடுத்துவந்த பெண்மணியிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பயிற்சியை நீங்களோ அவன் அப்பாவோ கொடுங்கள், அவள் அக்காவாக இருக்கட்டும் என்றார். அக்காவாக இருக்க அவள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். ஒன்றும் செய்ய வேண்டாம், ஒரே பாயில் உட்கார்ந்து இருவரும் அவரவர் வேலையைப் பார்க்கட்டும், அவனிடம் யாரும் எதையும் கேட்காமல் இருந்தால் போதும் என்று பதில் வந்தது. அப்போது அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பின்னால்தான் அதன் பொருள் பிடிபட்டது. குழந்தைகளின் விளையாட்டை ஆராய்ந்த மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க அறிஞர் 1932-இலேயே அதைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்: குழந்தை முதலில் தனித்து விளையாடுகிறது, பிறகு இன்னொரு குழந்தையின் அருகில் அமர்ந்து தன் விளையாட்டைத் தான் விளையாடுகிறது, அதன் பிறகு பொருள்களைக் கொடுத்து வாங்கிக் கலந்து விளையாடுகிறது, கடைசியில்தான் ஒரே நோக்கத்தோடு கூடி விளையாடுகிறது. முதல் படியில் நின்ற பிள்ளையை நான் நேராகக் கடைசிப் படிக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். அந்த இழுக்கும் வேலையை 7 வயதுக் குழந்தையின் கையில் கொடுத்தும் இருந்தேன்.

ஆகவே, மாலையில் பத்து நிமிடங்கள் கோரைப்பாய் விரித்தோம். அவள் ஒரு பக்கம் படம் வரைவாள். அவன் மறுபக்கம் பாட்டில் மூடிகளை அடுக்குவான். பேச்சு கிடையாது, கேள்வி கிடையாது. தாத்தா மட்டும் சற்றுத் தள்ளி நாளிதழோடு உட்கார்ந்திருப்பார். மாதக்கணக்கில் வேறு எதுவும் நடக்கவில்லை. ஆனால் பாயின் கோடியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவன், யாரும் சொல்லாமலேயே, சிறிது சிறிதாகப் பாயின் நடுவுக்கு வந்திருந்தான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. தெரபி மையங்கள் மூடப்பட்டன; பள்ளிகள் மூடப்பட்டன; அவனுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பாக, பயணிகள் ரயில்கள் நின்றுபோயின. மாலை ஐந்து மணிக்குச் செருப்பை எடுத்துக்கொண்டு வாசற்கதவை முட்டி முட்டி அழுவான். நாலைந்து நாட்கள் அப்படியே போயின. பிறகு ஒருநாள், வீட்டிலிருந்த அத்தனை செருப்புகளையும் கூடத்துக்கு எடுத்துவந்து, சுவரை ஒட்டி ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினான். நான் அதைப் பழைய அடுக்கும் பழக்கமாகத்தான் பார்த்தேன். செருப்பைக் கூடத்தில் வைக்கிறானே என்ற கவலையும் இருந்தது. மகள்தான் முதலில் கவனித்தாள்: தாத்தாவின் கறுப்புத் தோல் செருப்பு எப்போதும் முன்னால் நின்றது, அதைத் தொட்டுவிட்டுத்தான் மற்றவற்றை அடுக்கினான். "அம்மா, அது இன்ஜின்" என்றாள்.

நான் உடனே உற்சாகமாகி, ஒரு பொம்மையை எடுத்து நடுச் செருப்பில் உட்காரவைத்து, பொம்மை ஊருக்குப் போகிறது என்றேன். அவன் அலறிக்கொண்டு பொம்மையைத் தூக்கி எறிந்தான்; வரிசை முழுவதும் கலைந்து, அன்றைய பொழுதே அழுகையில் போயிற்று. மகள் நான்கு நாட்கள் எதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். தாத்தாவிடம் என்னவோ கேட்டுக்கொண்டாள். ஐந்தாம் நாள் ஒரு காலிச் சோப்பு டப்பாவின் பின்புறத்தில் மஞ்சள் கிரேயானால் பெரிய பெருக்கல் குறி ஒன்றைப் போட்டு, வரிசையின் கடைசிச் செருப்புக்குப் பின்னால் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். ரயிலின் கடைசிப் பெட்டியில் அந்தக் குறி இருக்கும். அதைப் பார்த்துத்தான் வண்டி முழுதாக வந்து சேர்ந்தது, வழியில் பெட்டி எதுவும் கழன்றுவிடவில்லை என்று நிலையத்தில் இருப்பவர்கள் அறிந்துகொள்வார்கள். தினமும் ரயில் பார்த்த பிள்ளைக்கு அது தெரியாமல் இருக்குமா? அவன் குனிந்து பார்த்தான். குறியின் ஒரு கோட்டை விரலால் மேலிருந்து கீழாகத் தடவினான், பிறகு மற்றக் கோட்டை. டப்பா சற்றுக் கோணலாக நின்றிருந்தது. ஒற்றை விரலால் தள்ளி நேராக்கினான். பிறகு எழுந்து நின்று, அக்காவின் பக்கம் திரும்பி, 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்றான்.

அவள் செய்ததை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவனுடைய வரிசையை அவள் தொடவில்லை. அந்த ரயிலுக்கு இல்லாதிருந்த ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். என் பொம்மைக்கு அந்த ரயிலில் வேலை இல்லை, அவளுடைய கடைசிப் பெட்டிக்கு இருந்தது. பிள்ளையின் விளையாட்டில் சேர விரும்புகிறவர்கள் முதலில் சில நாட்களாவது கைகட்டி உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று இப்போது எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். அவன் எதை முதலில் தொடுகிறான், எது கோணினால் பதறுகிறான், எந்தக் கட்டத்தில் நிறுத்துகிறான் என்பதெல்லாம் தெரிந்த பிறகு, அந்த விளையாட்டுக்கே உரிய ஒரு பொருளை, ஒரு நாளைக்கு ஒன்று என்ற அளவில் சேர்க்கலாம். அவன் எடுத்து அப்பால் வைத்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

அந்தச் செருப்பு ரயில் இரண்டு ஆண்டுகள் ஓடியது. மகள் மஞ்சள் அட்டையில் கறுப்பு மையால் ஊர்ப்பெயர்ப் பலகைகள் எழுதினாள்: திருச்சி, ஸ்ரீரங்கம், லால்குடி, அரியலூர், விருத்தாசலம், விழுப்புரம். அவன் எழுத்துக்கூட்டாமல் படித்த முதல் சொல் அரியலூர். ஒருநாள் அவள் அறியாமல் விருத்தாசலத்தை அரியலூருக்கு முன்னால் வைத்துவிட்டாள். அவன் வந்து பலகையைப் பிடுங்கி இடம் மாற்றி வைத்தான். மறுநாள் அவள் வேண்டுமென்றே அதே தவறைச் செய்தாள். பலகையைப் பிடுங்கப் போனவன் பாதியில் நின்று, அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். ஒருவர் தவறு செய்ய மற்றவர் திருத்துவதே அவர்களுக்குள் நடந்த முதல் கொடுக்கல் வாங்கலாயிற்று. ஒரே நாளில் இருபது முறைகூடச் செய்தார்கள்.

கேட்டதையே திரும்பச் சொல்லும் அவனுடைய வழக்கத்தை எக்கோலாலியா என்பார்கள். முன்பெல்லாம் அதை நிறுத்தப் பாடுபட்டோம். அந்தத் திரும்பச் சொல்லலுக்குள் அவனுடைய கருத்து இருக்கிறது என்பதை எங்கள் வீட்டில் முதலில் கண்டுகொண்டவளும் மகள்தான். 'கனிவான கவனத்திற்கு' என்றால் விளையாட வா என்று பொருள். 'புறப்படத் தயாராக உள்ளது' என்றால் வெளியே போகலாம் என்று பொருள். அவள் பதிலுக்கு, "பல்லவன் எக்ஸ்பிரஸ் எந்த நடைமேடை?" என்று கேட்பாள், அவன் ஓர் எண்ணைச் சொல்வான். பல ஆட்டிசக் குழந்தைகளுக்கு மொழி இப்படி முழுத்தொடர்களாகத்தான் முதலில் வருகிறது. அவற்றை உடைத்துத் தனித்தனிச் சொற்களாக எடுத்துக்கொள்வது பின்னால் நடக்கிறது. வாயை மூடு என்று சொல்லிச் சொல்லி அந்தக் கதவையே நாங்கள் அடைக்கப் பார்த்திருக்கிறோம்.

முறை வைத்து ஆடும் பழக்கத்தைக் கொண்டுவந்தது பல்லாங்குழி. இரண்டு வரிசையில் ஏழேழாகப் பதினான்கு குழிகள், எங்கள் வீட்டு வழக்கப்படி குழிக்கு ஐந்து புளியங்கொட்டைகள். ஒரு குழிக் காய்களை அள்ளி, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானால் அடுத்த குழியை அள்ள வேண்டும். அந்தக் குழி வெறுமையாக இருந்தால் அதை அடுத்த குழியிலுள்ள காய்களை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை எதிராளிக்கு விட்டுவிட வேண்டும். யாருடைய முறை எப்போது முடிகிறது என்பதை எவரும் வாயால் சொல்ல வேண்டியதில்லை, பலகையே காட்டிவிடுகிறது. முகக்குறிப்பைப் படிக்கத் திணறும் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். அவனுக்கு எதையும் வாயில் போட்டுப் பார்க்கும் பழக்கம் வெகுநாள் இருந்தது. ஒருமுறை புளியங்கொட்டையை வாயில் போட்டுக்கொண்டு ஓட, நாங்கள் நடுங்கிப்போனோம். அந்தப் பழக்கம் நிற்கும் வரை, முட்டை அட்டையை இரண்டு வரிசையாக வெட்டி, பெரிய பாட்டில் மூடிகளை வைத்துத்தான், பெரியவர் ஒருவர் அருகிலிருக்க, ஆடவிட்டோம். இரண்டாவது, முதல் மாதம் ஆட்டமே ஆடவில்லை; குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவதில் அவனுக்கு இருந்த இன்பத்துக்கு மட்டும் இடம் கொடுத்தோம். அதன் பிறகு தாத்தாவின் பழைய தொப்பியைக் கொண்டுவந்து, தொப்பி யார் தலையில் இருக்கிறதோ அவருடைய முறை என்று வைத்தோம். ஒரு குழியில் நான்கு காய்கள் சேர்ந்தால் 'பசு' என்று சொல்லி எடுத்துக்கொள்வது வழக்கம். அந்தச் சொல்லைக் கத்துவதற்காகவே அவன் அக்காவின் முறையையும் கண் இமைக்காமல் பார்க்கத் தொடங்கினான்.

விடுமுறையில் என் அம்மா ஊருக்குப் போனபோது கிச்சுக் கிச்சுத் தாம்பாளமும் நன்றாகப் பிடித்துப்போயிற்று. மணலின் குளிர்ச்சி, ஒவ்வொரு முறையும் மாறாத பாட்டு, ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் ஆட்டம் என்று எல்லாமே அவனுக்கு ஏற்றவை. தாயம் சரிப்படவில்லை, தாயம் விழுந்தால்தான் காயை இறக்கலாம் என்ற காத்திருப்பை அவனால் தாங்க முடியவில்லை. கண்ணாமூச்சியில் எப்போதும் ஒரே கதவுக்குப் பின்னால்தான் ஒளிவான், காலும் வெளியே தெரியும். மற்றவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை ஊகிக்க வேண்டிய ஆட்டம் அது. ஒளிவதைவிடக் கண்டுபிடிக்கப்படுவதுதான் அவனுக்கு மகிழ்ச்சி என்று புரிந்தபின், மகள் வீடு முழுவதும் தேடிவிட்டுக் கடைசியாக அந்தக் கதவுக்கு வருவாள்.

இனி, தெருவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2022 கோடை விடுமுறையில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது அவனையும் சேர்த்துக்கொண்டார்கள், ஒப்புக்குச் சப்பாணியாக. நம் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடுதான்: சின்னப் பிள்ளையை ஆட்டத்தில் வைத்துக்கொள்வார்கள், ஆனால் அவன் அவுட் ஆக மாட்டான், அவன் பிடித்தாலும் யாரும் அவுட் இல்லை. அந்தச் சொல்லே எனக்கு உறுத்தியது. ஆனாலும் சேர்த்துக்கொண்டார்களே என்று நான் வாசலில் நின்று மகிழ்ந்துகொண்டிருந்தேன். மகள் முகம் சிவக்க உள்ளே வந்தாள். "அவனும் கூடத்தான் ஓடுறான், ஆனா ஒருத்தர்கூட அவனைத் தொடவே இல்லம்மா" என்றாள். அரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரியவில்லை.

மறுநாள் அவள் வேறோர் ஆட்டத்தைக் கொண்டுவந்தாள். ஊர்ப்பெயர்ப் பலகைகளோடு தாத்தா செய்துகொடுத்த சிக்னல் அட்டை ஒன்று இருந்தது. ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. தெருக்கோடியில் அவனை அட்டையோடு நிறுத்தினாள். பச்சையைக் காட்டினால் எல்லோரும் ஓடி வரலாம். சிவப்பைக் காட்டினால் அசையாமல் நிற்க வேண்டும். அசைந்தவர் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். அவன் அட்டையைத் திருப்பாவிட்டால் ஆட்டமே நடக்காது. அவனுக்கு யார் முகத்தையும் படிக்க வேண்டிய தேவையில்லை, நெரிசலில் இடிபட வேண்டிய தேவையில்லை, சிக்னல் என்றால் என்னவென்று அந்தத் தெருவில் அவனைவிட நன்றாக அறிந்தவரும் இல்லை. தோழிகளிடம் மூன்றே செய்திகளைச் சொல்லிவைத்தாள்: காதுக்கு அருகில் கத்தாதீர்கள், பின்னாலிருந்து தொடாதீர்கள், அவன் காதைப் பொத்திக்கொண்டால் ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். அவனுடைய நிலையின் பெயரையோ அதன் விளக்கத்தையோ யாரும் கேட்கவில்லை.

ஒப்புக்குச் சப்பாணி என்ற அந்தச் சொல் என்னை வெகுநாள் விடவில்லை. எங்கள் வீட்டிலேயே அப்படி ஒருத்தியை வைத்திருந்தோம் என்பதை அது எனக்குக் காட்டிக்கொடுத்தது. மகள் எல்லாவற்றிலும் இருந்தாள். தெரபி மையத்தில், மருத்துவமனையில், அடையாள அட்டைக்கான வரிசையில். ஆனால் அவளுடைய பசியோ சலிப்போ கோபமோ எங்கள் கணக்கில் ஏறவில்லை. எங்கள் வீட்டில் தம்பியைச் சேர்த்துக்கொள்ளும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது, அதில் அவள் அவுட் ஆனாளா என்று யாரும் பார்க்கவில்லை.

சில மாற்றங்களைக் கொண்டுவந்தோம். வாரத்துக்கு ஒருநாள் காலையில் நானும் அவளும் மட்டும் சந்தைக்குப் போய் வருவோம். அந்த ஒரு மணி நேரத்தில் தம்பியைப் பற்றி நானாகப் பேச்சை எடுப்பதில்லை. அவளுடைய பொருள்களுக்குப் பூட்டும் சாவியும் உள்ள அலமாரி ஒன்று வாங்கிக்கொடுத்தோம். அவள் வரைந்த படத்தை அவன் கிழித்துவிட்டால், 'பாவம், அவனுக்குத் தெரியாது' என்று அவள் வாயை அடைக்காமல், அவள் கோபப்பட்டு முடிக்கும் வரை கேட்டுக்கொள்வதென்று நானும் கணவரும் பேசிவைத்தோம். அவன் கட்டுக்கடங்காமல் அழும்போதோ அடிக்கும்போதோ அவள் செய்ய வேண்டியது எழுந்து விலகிப் போய் எங்களை அழைப்பது மட்டும்தான். அவனைப் பிடிப்பதும் தேற்றுவதும் பெரியவர்கள் வேலை. பொறுமைசாலி என்று அவளைப் புகழ்வதையும் நிறுத்தினோம். அந்தப் புகழ்ச்சி இருக்கும் வரை அவளால் கடிபட்ட கையைக் காட்ட முடியாது.

எல்லாவற்றிலும் முக்கியமாக, விளையாட மறுக்கும் உரிமையை அவளுக்குக் கொடுத்தோம். அந்தச் சிக்னல் அட்டையையே அவள் அறைக்கதவில் ஓர் ஆணியில் தொங்கவிட்டாள். பச்சை என்றால் வரலாம், சிவப்பு என்றால் வரக் கூடாது. தொடக்கத்தில் பத்து நிமிடச் சிவப்பைக்கூட அவனால் பொறுக்க முடியவில்லை. கதவருகில் ஒரு மணல் கடிகாரத்தை வைத்தோம், மணல் தீர்ந்ததும் அவள் தவறாமல் பச்சைக்குத் திருப்பினாள். அந்தத் தவறாமைதான் அவனைப் பழக்கியது. நான் அவசரத்துக்கு அவளைக் கூப்பிட்டு, கொஞ்சம் அவனைப் பார்த்துக்கொள் என்று சிவப்பை மீறிய நாட்களில் அவன் மறுபடி குழம்பினான், அவளும் முகம் வாடினாள்.

உறவினர் வீட்டு விசேஷங்களில், 'எங்களுக்குப் பிறகு அவனுக்கு நீதானம்மா' என்று அவள் தலையைத் தடவிச் சொல்லாதவர்கள் குறைவு. 11 வயதில் ஒருநாள், நான் வெளியூரில் போய்ப் படிக்கலாமா என்று கேட்டாள். அவள் எதைக் கேட்கிறாள் என்று புரிந்தது. நானும் கணவரும் அவளை உட்காரவைத்து, உள்ளபடியே சொன்னோம். ஆட்டிசம் காய்ச்சல்போல ஒருநாள் நீங்கிவிடுவது அன்று, அவன் வளர வளர நிறையக் கற்றுக்கொள்வான், சிலவற்றில் எப்போதும் உதவி வேண்டியிருக்கும். அந்த உதவியை ஏற்பாடு செய்வது பெற்றோராகிய எங்கள் பொறுப்பு. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, அவனுக்கு 18 வயது நிறைந்த பிறகு பாதுகாவலர் தேவைப்பட்டால் மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம் என்பதையும், அதற்கு உடன்பிறந்தவர்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதையும் அவளுக்குப் புரியும்படி சொன்னோம். நீ எங்கே வேண்டுமானாலும் படிக்கலாம் என்றோம். அன்றிரவு அவள் தம்பியோடு வழக்கத்தைவிட அதிக நேரம் விளையாடினாள்.

அமெரிக்காவில் டான் மேயர் என்பவர் 1980-களில் 'சிப்ஷாப்' என்ற பெயரில், மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளின் உடன்பிறந்தோருக்காக மட்டும் கூடல்களைத் தொடங்கினார். விளையாட்டு, சாப்பாடு, நடுநடுவே கொஞ்சம் பேச்சு, அவ்வளவுதான். அதைப் பற்றிப் படித்துவிட்டு, தெரபி மையத்தில் பழக்கமான மூன்று குடும்பங்களின் மூத்த பிள்ளைகளை எங்கள் மொட்டைமாடிக்கு அழைத்தோம். தோசை வார்த்துக் கொடுத்ததோடு நான் கீழே இறங்கிவிட்டேன். உன் தம்பியும் குக்கர் விசில் அடித்தால் ஓடுவானா என்று ஒருத்தி கேட்டதும், மற்ற இருவரும் ஓ என்று சிரித்ததும் படிக்கட்டில் கேட்டது. என் மகள் இந்த விஷயத்தைச் சொல்லி அப்படி உரக்கச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இன்றும் கூடுகிறார்கள்.

இப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. படிப்பும் தோழிகளும் கூடிவிட்டதால் கதவில் சிவப்பு தொங்கும் நேரம் அதிகம். செருப்பு ரயில் போய், நிஜத் தண்டவாளம் வைத்த பொம்மை ரயில் வந்திருக்கிறது. கடைசிப் பெட்டியாக இன்னும் அந்தச் சோப்பு டப்பாதான் ஓடுகிறது, ஓரங்களில் டேப் ஒட்டியபடி. போன வாரம் தேர்வு முடிந்து வந்த மகிழ்ச்சியில், அவள் பையைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குப் போய், "பல்லவன் எந்த நடைமேடை?" என்று கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை. எழுந்து அவள் அறைக்கதவு வரை நடந்து, ஆணியிலிருந்து அட்டையைக் கழற்றி எடுத்துவந்து, தண்டவாளத்துக்கு முன்னால் சிவப்புப் பக்கம் அவளைப் பார்க்கும்படி சுவரில் சாய்த்து வைத்தான். அவள் ஒரு கணம் நின்று பார்த்தாள். "சரிடா" என்று சொல்லிவிட்டு, மணல் கடிகாரத்தைத் திருப்பி அவன் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.